நாபோத்தின் தோட்டமும் குர்லாவின் கைமாற்றமும்

1808-ஆம் ஆண்டில் குர்லா கைமாறியது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் வசமிருந்த குர்லா, மொஹிலி, கோலே கல்யாண், மரோல், சஹார், அசல்பே, பர்ஜாபூர் ஆகிய ஏழு ஊர்களை ஹோர்முஸ்ஜி பமன்ஜி வாடியா என்ற பார்சி வணிகருக்கு அளித்தது. அதற்கு ஈடாகப் பம்பாய்க் கோட்டையின் அப்போலோ துறை வாயிலருகே அவருக்கிருந்த நிலத்தைப் பெற்றுக்கொண்டது. தானா மாவட்டத்தின் பழைய கெசட்டியரில் இச்செய்தி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. கொடுத்தவர் உண்டு, கொண்டவர் உண்டு, பண்டம் உண்டு, ஈடும் உண்டு. இரு தரப்பும் மனமொப்பிச் செய்த பரிமாற்றம். தடையற்ற சந்தைக்குப் பாடநூல்கள் தரும் இலக்கணம் முழுவதும் இதற்குப் பொருந்தும். ஊரில் குடியிருந்தவர்கள் மட்டும் எந்தத் தரப்பிலும் இல்லை.

அவ்வூராருள் பலர் கிறித்தவர்கள். போர்த்துக்கீசியர் ஆட்சியில் திருமுழுக்குப் பெற்ற உழவர், மீனவர் வழியினர். அவர்களுடைய திருச்சிலுவை ஆலயம் அக்காலத்தில் எழுந்து, 1848-இல் மீண்டும் கட்டப்பட்டு, இன்றும் குர்லாவில் நிற்கிறது. விவிலியம் தடையற்ற சந்தையை ஆதரிக்கிறதா என்ற கேள்வியைக் கருத்தரங்குகளில் கேட்கும்போதெல்லாம் இந்த ஆலயத்து மக்களே என் நினைவுக்கு வருகிறார்கள். அக்கேள்வியைப் பெரும்பாலும் அமெரிக்கப் புத்தகங்களின் வழியாகவே நாம் கேட்கப் பழகியிருக்கிறோம். அங்கே அரசு ஒருபுறம், சந்தை மறுபுறம், நடுவே திருமறை என்று காட்சி அமைந்திருக்கும். நம் மண்ணில் அக்கேள்விக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லவே இந்த நீண்ட பதிவு.

முதலில் ஒரு கதை. முதலாம் இராஜாக்கள் நூலின் 21-ஆம் அதிகாரம் (கத்தோலிக்கர் பதிப்பில் முதலாம் அரசர் நூல்). ஆகாப் அரசனின் அரண்மனையை ஒட்டி நாபோத் என்பவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அரசன் அதைக் கீரைத் தோட்டமாக்க விரும்பினான். அவன் எடுத்த எடுப்பில் வாளை உருவவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இதைவிட நல்ல தோட்டம் ஒன்றை மாற்றாகத் தருவதாகவும், வேண்டாமென்றால் விலையைப் பணமாகத் தருவதாகவும் அவன் முறையாகவே கேட்டான். நாபோத் மறுத்தான். விலை போதாது என்று அவன் சொல்லவில்லை. அது முன்னோர் வழி வந்த உரிமை நிலம் என்றான். அதன் பின்னரே அரசி யேசபேலின் சூழ்ச்சி, பொய்ச்சாட்சி, கல்லெறி, பறிமுதல், எலியாவின் கண்டனம் எல்லாம் வருகின்றன.

தடையற்ற சந்தையை ஆதரிக்கும் கிறித்தவச் சிந்தனையாளர்களுக்கு இது அரசின் பேராசையைப் பற்றிய கதை. தனிமனிதனின் சொத்தில் அரசன் கைவைக்கலாகாது. களவை விலக்கும் கட்டளை அரசனையும் கட்டும். இதனோடு, அரசன் வேண்டும் என்று கேட்ட மக்களைச் சாமுவேல் எச்சரிக்கும் பகுதியையும் (1 சாமுவேல் 8) அவர்கள் சேர்த்துக்கொள்வர். அரசன் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வான், நல்ல வயல்களைத் தன் ஊழியருக்குக் கொடுத்துவிடுவான் என்று அங்கே அவர் சொல்கிறார். மறுதரப்பினருக்கு இதே நாபோத் சந்தையை மறுத்தவன். நிலம் இறைவனுக்குரியது, அதை நிரந்தரமாக விற்கக் கூடாது, ஐம்பதாம் ஆண்டில் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்னும் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தின் மனிதன் அவன். நல்ல விலைக்கும் அவன் இசையாததே கதையின் உயிர் என்பார்கள். இரண்டு வாசிப்புகளுக்கும் மூலத்தில் இடமிருக்கிறது. எதையும் வலிந்து கொண்டுவர வேண்டியதில்லை.

குர்லாவில் இந்த இரு வாசிப்புகளையும் பிரித்து நிறுத்த முடியாது என்பதே என் வாதம். 1808-இன் கம்பெனி ஆகாபும்தான், வணிகனும்தான். வரி வாங்கும் ஆட்சியாளராக ஏழு ஊர்களைத் தன் வசம் வைத்திருந்து, வணிக நிறுவனமாக அவற்றைப் பேரம் பேசிக் கொடுத்தது. சந்தையியலின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித்தே 1776-இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில், வணிகக் கூட்டமொன்று ஆட்சியாளராகவும் இருப்பதன் கேட்டைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். சந்தையின் ஆதரவாளர்கள் கம்பெனியைக் காட்டித் தங்களைக் குற்றம் சாட்டக் கூடாது என்று சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் நம் நாட்டில் தடையற்ற வணிகம் என்ற சொல் கம்பெனியின் கப்பலில்தான் வந்திறங்கியது.

அக்கொள்கை இங்கு வந்தபோது இறையியல் உடையும் அணிந்திருந்தது. கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்காக இங்கிலாந்தில் அமைந்த ஹெய்லிபரி கல்லூரியில் 1805 முதல் வரலாறும் அரசியல் பொருளாதாரமும் கற்பித்தவர் தாமஸ் மால்தஸ். ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு. 1829-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரான ரிச்சர்ட் வாட்லி சில ஆண்டுகளிலேயே டப்ளின் பேராயர் ஆனார். ஸ்காட்லாந்தின் தாமஸ் சாமர்ஸ் போதகராகவும் பொருளியல் ஆசிரியராகவும் புகழ்பெற்றவர். கல்கத்தாவில் ஆங்கிலக் கல்விக்கு அடித்தளமிட்ட அலெக்சாண்டர் டஃப் அவருடைய மாணவர். சந்தையின் விதிகள் இறைவனின் அருளாட்சி இயங்கும் வழி என்பது இவர்களுள் பலருக்குப் பொதுவான எண்ணம். பொருளியலும் மறையும் அந்நாளில் ஒரே கூரையின் கீழ்க் குடியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் பள்ளிகளைப் பற்றிய நம் ஆய்வுகள் இந்தப் பக்கத்தை அதிகம் தொடுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

இனித் திராட்சைத் தோட்டத்தை விட்டுக் கடைத்தெருவுக்கு வருவோம். காலையில் மும்பையின் ஏதாவதொரு நாக்காவில் நின்று பார்த்தவர்களுக்கு மத்தேயு 20-ஆம் அதிகாரத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. கொத்தனாரும் சாயம் பூசுபவரும் சித்தாளும் தத்தம் கருவிகளோடு நிற்பார்கள். ஒப்பந்தக்காரர் வந்து சிலரை அழைத்துப் போவார். வெயில் ஏற ஏற, நிற்பவர்கள் கேட்கும் கூலி இறங்கும். உவமையில் வரும் வீட்டெஜமானும் விடியற்காலையில் சிலரை ஒரு நாள் கூலி பேசி அழைத்துப்போகிறார். பிறகு ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும், வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் வந்து, சும்மா நிற்பவர்களை அழைத்துப்போகிறார். மாலையில் எல்லோருக்கும் ஒரே கூலி. முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்தக் கூலி ‘ஒரு பணம்’. மொழிபெயர்த்தவர்கள் காலத்தில் பணம் என்பது ஒரு நாணயத்தின் பெயர். நமக்கு அது எல்லா நாணயத்துக்கும் பொதுப்பெயர். இன்று அவ்வரியை வாசிக்கும் மாணவர் ஒரு கணம் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

சந்தைச் சார்பாளர் இவ்வுவமையில் ஒப்பந்தச் சுதந்திரத்தைக் காண்பார். முதலில் வந்தவருக்குப் பேசிய கூலி குறையவில்லை. மற்றவருக்கு எஜமான் தம் சொந்தப் பொருளிலிருந்து தாராளமாகக் கொடுக்கிறார். தம்முடையதைத் தம் விருப்பப்படி செலவிட அவருக்கு உரிமை உண்டு. ஆக்டன் நிறுவனத்தை 1990-இல் தோற்றுவித்த அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு ராபர்ட் சிரிக்கோ உவமைகளின் பொருளியலைப் பற்றி 2022-இல் தனி நூலே எழுதினார். அம்மரபு அறிவுத்தெளிவு கொண்டது; எள்ளி ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் ஜான் ரஸ்கின் இதே உவமையிலிருந்து நேர்மாறான முடிவுக்குச் சென்றார். 1860-இல் இதழ்க் கட்டுரைகளாகவும் 1862-இல் நூலாகவும் வந்த அவருடைய ‘அன்டு திஸ் லாஸ்ட்’ தன் தலைப்பையே இவ்வுவமையிலிருந்து எடுத்துக்கொண்டது. தேவைக்கும் வரத்துக்கும் ஏற்பக் கூலி ஏறி இறங்குவது இயற்கை விதி அன்று என்பதே அந்நூலின் மையம். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் சென்ற ரயிலில் அதைப் படித்த காந்தி, 1908-இல் ‘சர்வோதயம்’ என்ற பெயரில் குஜராத்தியில் அதன் சாரத்தை எழுதினார். கலிலேயாவில் சொல்லப்பட்ட ஒரு கூலிக்கதை, இங்கிலாந்துக் கலை விமரிசகர் ஒருவர் வழியாகத் தென்னாப்பிரிக்காவிலிருந்த குஜராத்தி வழக்கறிஞரை அடைந்து, அங்கிருந்து ஒரு தஞ்சாவூர்க் கிறித்தவரிடம் வந்து சேர்ந்தது.

அவர்தான் ஜே. சி. குமரப்பா. 1892 ஜனவரி 4-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். குமரப்பா என்பது பின்னாளில் அவர் மீட்டெடுத்துக்கொண்ட குடும்பப் பெயர். லண்டனில் கணக்காய்வு கற்று, 1919-இல் நாடு திரும்பிப் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். மேலை உடை, வணிக நிறுவனங்களின் பேரேடுகள், வசதியான வாழ்க்கை. 1927-இல் அமெரிக்கா சென்று சிரக்யூஸிலும் பின்பு கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற பொருளில் அவர் பேசியது செய்தித்தாளில் வந்தது. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன் அதையே ஆய்வுப் பொருளாக்கச் சொன்னார். அரசு வருவாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தணிக்கையாளரின் கண்ணோடு பார்த்தபோது, படைச் செலவும் கடன் சுமையும் நிருவாகச் செலவும் வரவை விழுங்குவதை அவர் கண்டார். 1929 மே மாதம் அந்த ஆய்வேட்டோடு சபர்மதிக்குச் சென்று காந்தியைச் சந்தித்தார். அது ‘யங் இந்தியா’வில் தொடராக வெளிவந்தது. அதன் பிறகு பம்பாய்த் தொழிலுக்கு அவர் திரும்பவில்லை.

குமரப்பாவைக் கதராடைப் பொருளியலாளர் என்று மட்டும் நினைவுகூர்வது நம் வழக்கம். அவருடைய கிறித்தவம் ஏதோ பிறப்பின் விபத்து என்பது போல் ஓரமாக வைக்கப்படுகிறது. அது பிழை. 1930-இல் சத்தியாகிரகத்தின்போது கிறித்தவப் பணியாளர்கள் அகிம்சையின் பக்கம் நிற்க வேண்டும் என்று அவர் விடுத்த வேண்டுகோளும், அதையொட்டி இந்திய ஆங்கிலிக்கன் திருச்சபைத் தலைவர் ஃபாஸ் வெஸ்ட்காட்டுடன் நடந்த கடிதப் போக்குவரத்தும் அவர் திருச்சபையோடு எவ்வளவு நெருக்கமாக மல்லாடினார் என்பதைக் காட்டுகின்றன. ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறைப்பட்டிருந்த காலத்தில் எழுதிய ‘இயேசுவின் வாழ்வும் வாக்கும்’ பற்றிய நூலும், ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் 1945-இல் காந்தி முன்னுரை வழங்கினார். ஒன்றை இறையியல் அலமாரியிலும் மற்றொன்றைப் பொருளியல் அலமாரியிலும் வைத்தது நூலகங்களின் குற்றம்.

அவருடைய வாதங்களுள் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். வாழைப்பழம் விற்பவளின் சரக்கு இரண்டொரு நாளில் கெட்டுவிடும். வாங்குபவரின் கையிலுள்ள காசு கெடாது. எனவே இருவரும் எதிரெதிரே நிற்கும்போதே தராசு சாய்ந்திருக்கிறது. காத்திருக்கும் ஆற்றல் ஒருவரிடமே இருக்கிறது. இருவரும் விரும்பியே பரிமாறிக்கொண்டார்கள் என்று சொல்வது உண்மைதான். ஆனால் அந்த விருப்பத்தின் எடை இருபுறமும் ஒன்றன்று. நாக்காவில் வெயில் ஏற ஏறக் கூலி இறங்குவதும் இதே காரணத்தால்தான். உழைப்பைப் போல அழுகும் சரக்கு வேறில்லை. இன்று விற்காத இன்றைய உழைப்பு நாளைக்கு இல்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்து மன்னா நினைவுக்கு வரும். பாலைவனத்தில் பொழிந்த அந்த உணவை அன்றன்றைக்கு வேண்டிய அளவே சேர்க்கலாம். மறுநாளுக்கு வைத்தால் புழுப்பிடித்து நாறும். மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. யாரும் யாரையும் காத்திருக்க வைக்க முடியாத பொருளாதாரம் அது. பூச்சியும் துருவும் அரிக்கும் செல்வத்தைச் சேர்க்க வேண்டாம் என்று மலைப்பொழிவு சொல்கிறது. அரிக்கப்படாத பணம்தான் சிக்கல் என்று குமரப்பா அதற்கு மறுபுறத்திலிருந்து வருகிறார். இரண்டும் முரண் போலத் தோன்றினாலும் கேள்வி ஒன்றே. மலைப்பொழிவின் ‘மாமோன்’ என்ற சொல்லைத் தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் ‘உலகப்பொருள்’ என்றும், கத்தோலிக்கத் திருவிவிலியம் ‘செல்வம்’ என்றும் பெயர்த்திருக்கின்றன. பொருட்பால் வகுத்த மொழியில் முதல் பெயர்ப்பு எழுப்பும் அதிர்வு வேறு. யாராவது இதைத் தனிக் கட்டுரையாக எழுதலாம்.

இன்னொரு வாதம், வாங்குபவரின் பொறுப்பு பற்றியது. கடையில் உள்ள ஒவ்வொரு பொருளும் தான் உருவான வரலாற்றைச் சுமந்து வருகிறது. கட்டாய உழைப்பில் விளைந்ததை வாங்குபவர் அந்தப் பாவத்தில் பங்கு கொள்கிறார் என்றார் குமரப்பா. விலை என்பது தகவலைத் திரட்டித் தரும் அற்புதக் கருவி என்று பின்னாளில் ஹாயெக் மரபினர் விளக்கினார்கள். குமரப்பாவின் பார்வையில் விலை மறைக்கும் தகவலே பெரிது. நுகர்வோர் அறத்தைப் பற்றி இன்று எழுதுபவர்கள் 1936-இல் வந்த அவருடைய ‘கிராம இயக்கம் ஏன்?’ நூலைத் திறந்து பார்ப்பது நல்லது. மேற்கில் அவரைக் கண்டுகொண்டவர்களுள் ஷூமாக்கர் ஒருவர். 1973-இல் வந்த ‘சிறியதே அழகு’ நூலின் பௌத்தப் பொருளியல் அத்தியாயத்தில் அவரைச் சான்று காட்டினார். தஞ்சாவூர்க் கிறித்தவர் ஒருவர் பௌத்தத்துக்குச் சான்றானதில் சிறிய வேடிக்கை இருக்கிறது.

ஆனால் குமரப்பாவை நான் மும்பையிலிருந்து படிக்கிறேன். அங்கே ஓர் இடறல் உண்டு. தாராவிக்கும் செம்பூருக்கும் குர்லாவுக்கும் நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களை, கிறித்தவர்களையும் இந்துக்களையும், கேட்டுப் பாருங்கள். அவர்களுள் பலர் கிராமத்தை விட்டு வந்தது பசிக்காக மட்டுமன்று, சாதிக்காகவும்தான். ஊரில் பெயர் சொல்லி ஏவப்பட்டவர், இங்கே கூலி பேசி வேலைக்குப் போனார். ஆலையிலோ தோல் கிடங்கிலோ அவருக்குக் கிடைத்தது கசப்பான சுதந்திரம்; இருந்தும் அது சுதந்திரமே. 1948 நவம்பர் 4-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை ஏன் அவ்வளவு கடுமையாக விமரிசித்தார் என்பதை இக்குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கும் கடைத்தெருவில் நின்றவர்களை ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்கும்போது, எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்கள் பதில். கிராமத்தில் யார் அழைக்கப்படுவார், யார் அழைக்கப்படார் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. அந்த முடிவை உடைத்ததில் பணத்துக்கும் சந்தைக்கும் பங்கு உண்டு. கிராமப் பொருளாதாரத்தை இயேசுவின் நெறிக்கு அருகில் வைத்த குமரப்பா, இந்தக் கணக்கைப் போதிய அளவு தணிக்கை செய்யவில்லை என்றே கருதுகிறேன்.

எதிர்த்தரப்பில் நம்மவர் ஒருவர் உண்டு. மரியதாஸ் ரத்தினசாமி, 1885-இல் பிறந்த சென்னைக் கத்தோலிக்கர். பச்சையப்பன் கல்லூரி முதல்வர், சென்னைச் சட்டமன்ற மேலவைத் தலைவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எனப் பல பொறுப்புகளை வகித்தவர். திருத்தந்தையின் விருது பெற்றவர். பிரிட்டிஷ் இந்திய நிருவாக அமைப்பை உருவாக்கிய தாக்கங்கள் பற்றி 1939-இல் நூல் எழுதியவர். கம்பெனியின் இரட்டை முகத்தை ஏட்டில் கற்றறிந்தவர் என்று பொருள். அவர் சுதந்திராக் கட்சியில் சேர்ந்து, 1962 முதல் 1968 வரை மாநிலங்களவையில் அமர்ந்தார்.

இரு கிறித்தவர்களின் பாதைகள் எதிரெதிராக வரும் புள்ளி நிலம். காங்கிரஸ் அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைமை ஏற்றார். 1949-இல் வந்த அதன் அறிக்கை இடைத்தரகர் ஒழிப்பையும், நில உச்சவரம்பையும், மிகச் சிறிய நிலங்களைக் கூட்டுறவுப் பண்ணைகளாக இணைப்பதையும் பரிந்துரைத்தது. இணைப்பு விருப்பத்தால் நடக்குமா, கட்டாயத்தாலா என்ற ஐயம் அன்றே எழுந்தது. 1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் நிறைவேற்றியபோது அந்த ஐயம் அரசியலாக வெடித்தது. அவ்வாண்டு ஜூனில் சென்னையில் அறிவிக்கப்பட்ட சுதந்திராக் கட்சி, ஆகஸ்டில் பம்பாயில் தன் மாநாட்டைக் கூட்டியது. இராஜாஜியின் உரிம, அனுமதி, ஒதுக்கீட்டு ஆட்சி என்னும் சாடல் ஊரெங்கும் ஒலித்தது. அடுத்த ஜனவரி 30-இல், காந்தி கொல்லப்பட்ட அதே நாளில், குமரப்பா காலமானார்.

கத்தோலிக்கச் சமூகப் போதனையை அறிந்தவருக்கு ரத்தினசாமியின் நிலைப்பாடு வியப்பளிக்காது. 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ மடல் தொழிலாளியின் நியாயக் கூலிக்காகப் பேசியதோடு, தனிச்சொத்தைப் பொதுவுடைமையாளரிடமிருந்து காக்கவும் செய்தது. 1931-இல் வந்த ‘குவாட்ரஜேசிமோ அன்னோ’, கீழ்நிலை அமைப்பு செய்யக்கூடியதை மேல்நிலை அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்றது. அந்தக் கொள்கையோடு நாபோத்தைப் படித்தால், 1959-இல் டில்லி ஆகாபாகத் தெரிவது இயல்பு. இந்த இணைப்பு என் ஊகம். ஆனால் அவர் நின்ற இடத்தை விளங்கிக்கொள்ள வேறு நல்ல சாவி எனக்குக் கிடைக்கவில்லை. அவர் தரப்பின் உண்மையைக் குர்லாவே ஒப்புக்கொள்ளும். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் குர்லாவில் செய்த ஃபியட் காருக்கு மக்கள் ஆண்டுக்கணக்கில் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். காக்க வைக்கும் ஆற்றலைப் பற்றிக் குமரப்பா பணத்தை நோக்கிச் சொன்ன குற்றச்சாட்டை, உரிமம் வழங்கும் அரசை நோக்கியும் சொல்லலாம்.

உரோமையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காக ஆறாம் சின்னப்பர் பம்பாய் வந்தார். படைச்செலவின் ஒரு பகுதியைக் கொண்டு ஏழை நாடுகளுக்காக உலக நிதியம் ஒன்றை நிறுவ வேண்டும் என்று இங்கிருந்து அறைகூவினார். 1967-இல் வெளிவந்த ‘பொப்புலோரும் புரோக்ரெஸ்ஸியோ’ மடலில் பம்பாயின் பெயர் அந்த அழைப்போடு இடம்பெறுகிறது. வலிமையில் சமமற்றவர்களிடையே தடையற்ற வணிகம் மட்டும் நீதியைத் தராது என்று அம்மடல் கூறியபோது, அமெரிக்காவின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ அதை மார்க்சியம் என்று குறை கூறியது. வாழைப்பழக் கூடையை நாடுகளின் அளவுக்குப் பெரிதாக்கினால் கிடைக்கும் வாதம்தான் அது. 1991 மே மாதம் இரண்டாம் யோவான் சின்னப்பரின் ‘சென்டெசிமுஸ் அன்னுஸ்’ சந்தைக்கும் தனிச்சொத்துக்கும் தொழில் முனைவுக்கும், சட்ட வரம்போடு கூடிய வகையில், இசைவு தெரிவித்தது. இரண்டு மாதத்தில் இந்தியா தன் பொருளாதாரக் கதவுகளைத் திறந்தது. தற்செயல்தான், ஆயினும் ஆய்வு மாணவர்கள் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது இது கண்ணில் படாமல் போகாது. குர்லாவின் கார் ஆலை நிலத்தில் இன்று கோகினூர் சிட்டி கட்டடங்கள் நிற்கின்றன.

1808-க்குத் திரும்புகிறேன். கைமாற்றப்பட்ட ஊர்களின் கிறித்தவர்களுக்கும் அண்டைப் பகுதிக் கிறித்தவர்களுக்கும் 1887-இல் ஒரு சங்கம் அமைந்தது. கோவாவிலிருந்தும் மங்களூரிலிருந்தும் வேலை தேடி வந்த கிறித்தவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக்காட்டவும், கம்பெனியின் பழங்குடிமக்கள் தாங்களே என்று நிறுவவும் அவர்கள் தேர்ந்த பெயர் ‘ஈஸ்ட் இந்தியன்’. தங்கள் ஊர்களை ஒரு மனைக்கு மாற்றிக் கொடுத்த நிறுவனத்தின் பெயரையே அவர்கள் சூடிக்கொண்டார்கள். இதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். வேலைச் சந்தையில் போட்டி வந்தபோது, கையிலிருந்த ஒரே மூலதனத்தை அவர்கள் முதலீடு செய்தார்கள்.

2024 ஜூனில் மகாராட்டிர அரசு குர்லா நேரு நகரில் உள்ள பால்பண்ணை நிலத்தில் சுமார் 21 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்கியது. தாராவியிலேயே வீடு பெறத் தகுதியற்றோர் எனக் கணக்கிடப்படுபவர்களுக்கு வெளியே இடம் வேண்டும் என்பது அதன் பின்னணி. தங்கள் பகுதியில் மிஞ்சிய பசுமையான வெளி பறிபோகிறது என்று குர்லாவாசிகள் தெருவுக்கு வந்தார்கள். தாராவியிலோ, எங்களை ஏன் இங்கிருந்து அகற்றுகிறீர்கள் என்று வேறு பலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் தமிழ்க் கிறித்தவர்களும் உண்டு. திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் அதானி குழுமத்துக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு பங்கு. அரசனும் வணிகனும் மீண்டும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். நாபோத்திடம் ஆகாப் முதலில் கேட்கவாவது செய்தான். வழக்கமான குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் குடியிருப்போரின் குறிப்பிட்ட விழுக்காட்டினர் ஒப்புதல் தர வேண்டும் என்ற விதி உண்டு. தாராவித் திட்டத்துக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை.